நாற்பத்தாறரை

கணினித் திரையில் ஒரு கட்டம் சிவந்துபோனது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கண்ணாடி சுத்தமானதுதான் மிச்சம். கட்டம் சிவப்பாகவே இருந்தது.

மாநிலத்தில் இருக்கிற நகராட்சிகள் ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், அந்த எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்கெடுத்துக் கோடு போட்டுக் காட்டுவது அவருடைய பிரிவின் வேலை. கோடு பல வருடங்களாக இறங்குமுகம்தான். அதைப் போட்டுப் போட்டுப் பழகி, வீட்டுச் சுவரில் படம் மாட்டினால்கூட அவர் கைக்கு வலது பக்கம் இறங்கித்தான் நிற்கும் என்பது மனைவியின் புகார்.

அன்றைக்கு எல்லா ஊர்க் கணக்கும் வந்தாகிவிட்டது. கடைசியாக வந்தது ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்ன நகராட்சியின் கணக்கு. மொத்தப் பணியாளர்கள் 46.5 என்று இருந்தது. அதாவது நாற்பத்தாறரை பேர். புதிதாகப் போட்டிருந்த கணினி முறைக்கு முழு எண்தான் தெரியும். புள்ளியைக் கண்டதும் கட்டத்தைச் சிவப்பாக்கிவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது.

வேறு யாராவதாக இருந்தால் புள்ளியையும் ஐந்தையும் அழித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். இவரால் அது முடியாது. அரைகுறையாக எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை நமநமக்கும். பாதி திறந்திருக்கும் இழுப்பறையை, அது யாருடைய மேஜையாக இருந்தாலும், போகிற போக்கில் மூடிவிட்டுப் போவார். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் பாதியில் விட்ட குறுக்கெழுத்தைக் கேட்டு வாங்கி முடித்துக் கொடுப்பார். தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி முழு சோப்பாக்குவதால் அவர் வீட்டுக் குளியலறையில் சோப்பு ஒரே நிறத்தில் இருந்ததே இல்லை. அலுவலகத்தில் அவருக்கு 'முழுசு' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். நாளாவட்டத்தில் அவருக்கே அது பிடித்துப்போய்விட்டது.

நாலு மணிக்குள் அறிக்கை இயக்குநர் கைக்குப் போக வேண்டும். ஆறு மணிக்குள் முழுசு வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டில் பெரிய காரியம் இரண்டாவதுதான். அவருடைய ஒரே மகள், தனக்குப் பிடித்த பையனை அன்று வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள்.

போன மாதம் அவள் முதன்முதலாகப் பேச்சை எடுத்தபோது, “கவர்மென்ட் வேலைதான்ப்பா, ஆனா…” என்று இழுத்தாள்.

“ஆனா எல்லாம் வேண்டாம். முழு நேர வேலையா இருந்தா வரச் சொல்லு. பகுதி நேரம், தற்காலிகம்னு எவனும் இந்த வாசப்படி ஏறக்கூடாது,” என்று முழுசு வெட்டிவிட்டார்.

அதில் வறட்டுப் பிடிவாதம் மட்டும் இல்லை. பகுதி நேரக்காரர்கள் அந்தக் கோட்டிலிருந்து எப்படிச் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள் என்பதைத் தன் கையால் போட்டுப் பார்த்தவர் அவர். மகள் அப்படி ஒரு கோட்டில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்று பயந்தார். மகளின் முகம் சுருங்கியது. சில நாள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்தான் பேச்சு. பிறகு மனைவி நடுவில் புகுந்து, பையனை ஒரு தடவை பார்ப்பதில் என்ன குறைந்துபோகிறது என்று கேட்டு, தேதியையும் அவளே குறித்துக் கொடுத்தாள்.

காலையில் அவர் கிளம்பும்போது, ஊர்க் கணக்கெல்லாம் வந்துவிட்டதா என்றுகூட விசாரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. முழுசுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. செருப்பு மாட்டும்வரை விளக்கிக்கொண்டே இருந்தார்.

இப்போது சிவப்புக் கட்டத்தை முறைத்தபடி ஆற்றங்கரை நகராட்சிச் செயலரைத் தொலைபேசியில் பிடித்தார். தலைமை அலுவலகம் என்றதுமே அந்த மனிதர் எழுந்து நின்றது நாற்காலிச் சத்தத்தில் தெரிந்தது.

“நாப்பத்தாறரைன்னு போட்டிருக்கீங்களே, யாருங்க அந்த அரை?”

செயலர் ஒரு மூச்சு பம்மிவிட்டு விளக்கினார். காலையில் மட்டும் வருகிற எழுத்தர் ஒருவர் இருக்கிறார். பொறுப்பான பையன். மதியத்தோடு வேலை முடிந்துவிடும். முழு நாளும் உட்கார வைக்க அந்தச் சின்ன ஊரில் வேலையும் இல்லை, வசதியும் இல்லை. அரையைக் கணக்கில் காட்டி எதற்கு வம்பு என்று இதுவரை நாற்பத்தாறு என்றே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

“இந்தத் தடவை மட்டும் ஏன் எழுதினீங்க?”

“நான் எங்க சார் எழுதினேன்? கணக்கு அனுப்புறதே அந்தப் பையன்தான். அவரே அவரை அரைன்னு போட்டுட்டாரு. நானும் சரியா பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க சார்.”

முழுசு நெகிழ்ந்துபோனார். எத்தனையோ ஊர்க் கணக்கு பார்த்தவர் அவர். வேலைக்கே வராதவர்கள் தங்களை முழு ஆளாக எழுதிக்கொண்டதைப் பார்த்திருக்கிறார். செத்துப்போனவர் ஒருவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வந்ததையும் பார்த்திருக்கிறார். தன்னைத் தானே அரை என்று எழுதிய மனிதரை இப்போதுதான் பார்க்கிறார். அதைச் செயலரிடம் வாயாரச் சொன்னார். கூடவே, கணினி அரையை ஏற்காது, அவருக்கு ஏதாவது வழி செய்ய முடியுமா பாருங்கள் என்றும் சொல்லிவைத்தார்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. மேலிடத்திலிருந்து தும்மினால்கூட அதை உத்தரவாக எடுத்துக்கொள்கிற ஆள் அந்தச் செயலர். கொஞ்ச நேரத்தில் திருத்திய கணக்கு வந்தது. 46. கீழே ஒரு குறிப்பு: பகுதி நேர எழுத்தர் இன்று முதல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

கட்டம் பச்சையானது. முழுசின் முகம் வெளுத்தது.

பக்கத்து மேஜை அக்கா எட்டிப் பார்த்தார். அந்தப் பிரிவில் முழுசைவிடப் பழையவர் அவர் ஒருவர்தான். எதற்கும் அசராதவர். கணக்குதான் சரியாகிவிட்டதே, அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“ஒரு பையனோட வேலை போயிடுச்சுக்கா.”

“அரை வேலைதானே.”

“அரைன்னாலும் அவன்கிட்ட இருந்தது அதுதானே.”

அக்கா தன் மேஜையின் இழுப்பறையைத் தானே முழுசாக மூடினார். அது அவர் காட்டிய அனுதாபம்.

முழுசு மறுபடி செயலரைப் பிடித்து, பையனை உடனே திரும்பக் கூப்பிடச் சொன்னார். செயலர் அழாக்குறையாகப் பேசினார். உத்தரவைக் கையில் கொடுத்தாகிவிட்டதாம். பையன் நன்றி சொல்லிவிட்டு அலமாரிச் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டானாம். விடுவித்த பகுதி நேரக்காரரைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் நகர்மன்றம் கூட வேண்டும், மன்றம் கூட இன்னும் நாள் இருக்கிறது. முழு நேர வேலை என்றால் செயலரே ஆள் எடுக்கலாம். ஆனால் முழு நேரத்துக்கு வேலைக்கு எங்கே போவது?

“மதியத்துக்கு மேல அவருக்கு ஒரு வேலை காட்டுங்க சார். இப்பவே எடுத்துடுறேன்.”

முழுசு தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போது அக்காதான், பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் இருக்கிறதே, அங்கே பிறப்பு இறப்புச் சான்றிதழ் கொடுக்கிற ஜன்னலை மதியத்தோடு சாத்திவிடுகிறார்கள் என்று மக்கள் மனுமேல் மனு போடுகிறார்கள் என்றார்.

“மதியத்துக்கு மேல அந்த ஊர்ல பொறக்கவும் முடியாது, சாகவும் முடியாது.”

அந்த ஊர் நகராட்சியை நடத்திக்கொண்டிருந்தவர் ஒரு தலைமை எழுத்தர் அம்மா. தொலைபேசியே தேவையில்லாத குரல். முழுசு பாதி சொல்வதற்குள், ஆளை உடனே அனுப்புங்கள், நாற்காலி தயாராக இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே ஏழு பேர் நிற்கிறார்கள் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். தன் வாக்கியம் பாதியில் நின்றதுகூட அன்று முழுசுக்கு உறுத்தவில்லை.

செயலர் பையனைத் தேடிப் பிடித்து முழு நேர வேலை கொடுத்தார். காலையில் ஆற்றங்கரை, மதியம் அக்கரை. முழுசு நிம்மதியாக மூச்சு விட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். இரண்டு கவளம் இறங்குவதற்குள் இரண்டு ஊரிலிருந்தும் திருத்திய கணக்கு வந்தது. ஆற்றங்கரை 46.5. அக்கரை 22.5.

இரண்டு கட்டமும் சிவந்தன.

“ஒரு அரையை முழுசாக்கப் போய் ரெண்டு அரை ஆக்கிட்டீங்களே,” என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்து மனைவி கூப்பிட்டாள். வழக்கமாக அலுவலக நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், கணக்கு முடிந்ததா என்றும் கேட்டாள். ஒரு அரை ஆள் வந்து உயிரை வாங்குகிறான், ஆறு மணிக்கு வருவது சந்தேகம்தான் என்று முழுசு பயந்துகொண்டே சொன்னார். திட்டு விழும் என்று காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டார்.

“பரவாயில்லைங்க. அவசரப்படாம அதை முழுசா முடிச்சுட்டே வாங்க. வர்ற பையனை நான் பாத்துக்கிறேன்,” என்றாள் மனைவி.

இப்படி ஒரு மனைவி கிடைக்க என்ன கொடுத்து வைத்தோமோ என்று நினைத்தபடி முழுசு சாப்பாட்டை மூடினார். இரண்டு ஊரையும் மறுபடி அழைத்தார். ஆள் ஒருவர்தான், ஏதாவது ஒரு ஊரில் மட்டும் முழு ஆளாக எழுதுங்கள் என்று தெளிவாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். இரண்டு பேரும் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள். அந்த ஒரு ஊர் தன் ஊர்தான் என்று இரண்டு பேருமே புரிந்துகொண்டார்கள். ஆற்றங்கரை 47. அக்கரை 23.

இரண்டும் பச்சை. கணினி குஷியாக மொத்தக் கூட்டலைப் போட்டு, கோட்டையும் வரைந்துவிட்டது.

சரியாக அப்போது இயக்குநர் உள்ளே வந்தார். காலையிலிருந்தே அவர் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தார். ஏனென்றால் மற்ற எல்லா ஊரையும் கூட்டினால் போன தடவை வந்த அதே எண் அப்படியே வந்தது. அவர் பதவிக்கு வந்த நாளாகக் கோடு இறங்காமல் நின்றது இதுதான் முதல் தடவை. 'சரிவு நின்றது' என்று அமைச்சருக்கு உரையே எழுதி முடித்திருந்தார். இப்போது திரையைப் பார்த்தவர் அப்படியே நின்றார். கோட்டின் நுனி, உற்றுப் பார்த்தால், ஒரு மயிரிழை மேலே போயிருந்தது.

“ஏறியிருக்கு,” என்றார்.

“ரெண்டு பேர் சார். ஆனா அந்த ரெண்டு பேரும் ஒரே ஆள்தான் சார்.”

இயக்குநருக்கு நடந்ததையெல்லாம் சொல்லிப் புரியவைக்க முழுசுக்கு நாக்கு வறண்டுவிட்டது. இயக்குநர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு, ஒரே ஆளாக ஆக்கினால் கோடு ஏறுமா, இறங்குமா என்று மட்டும் கேட்டார். ஒன்று ஏறும் என்றார் முழுசு.

“அப்ப அந்த ஒருத்தர விட்டுடாதீங்க. என்ன ஆனாலும் விட்டுடாதீங்க,” என்று சொல்லிவிட்டு உரையைத் திருத்த ஓடினார்.

பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. செயலரையும் தலைமை எழுத்தர் அம்மாவையும் ஒரே இணைப்பில் சேர்த்துப் பேசவைத்தார் முழுசு. காலையில் வேண்டாம் என்று அனுப்பிய பையனுக்காக இப்போது இரண்டு ஊரும் மல்லுக்கு நின்றன. வளர்த்தது நாங்கள் என்றார் செயலர். மதியத்திலிருந்து எத்தனை பிறப்பைப் பதிந்திருக்கிறான் தெரியுமா, ஊரே வாழ்த்துகிறது என்றார் அந்த அம்மா. பெயர் ஆற்றங்கரையிலேயே இருக்கட்டும், மதியம் அக்கரைக்கு இரவலாகப் போகட்டும், சம்பளத்தில் பாதியை அக்கரை கொடுத்துவிடட்டும் என்று முழுசு ஒரு வழியாகப் பேசி முடித்தார். முடிந்தது என்று நினைக்கும்போது அந்த அம்மா கேட்டார், பாலத்தில் நடந்து வருகிற நேரம் யார் கணக்கு?

பாலத்தின் நடுவரை ஆற்றங்கரை, அதற்குப் பிறகு அக்கரை என்று தீர்ப்பானது. செயலர், மழை பெய்தால் குடை யார் கொடுப்பது என்று ஆரம்பித்தார். அதை அக்கா தொலைபேசியை வாங்கி, இரண்டு ஊருக்கும் சேர்த்து நாலு வார்த்தை சொல்லித் தீர்த்து வைத்தார்.

ஆற்றங்கரை 47. அக்கரை 22. எல்லாக் கட்டமும் பச்சை. பல வருடங்களுக்குப் பிறகு மாநிலத்தின் உள்ளாட்சி வேலைவாய்ப்பு ஏறுமுகம் கண்டது, ஒரே ஒருவரால். அந்த ஒருவரிலும் அரை ஏற்கெனவே இருந்ததுதான் என்று முழுசு நேர்மையாக ஒரு குறிப்பு எழுதி இணைத்தார். இயக்குநர் அதை மரியாதையாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகக் காரில் ஏறினார்.

முழுசு வீட்டுக்குள் நுழைந்தபோது ஏழாகிவிட்டது. கூடத்தில் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையன் இன்னும் வரவில்லை. வேலை முடியத் தாமதமாகிவிட்டது என்று சொன்னானாம். முதல் நாளே நேரம் தவறுகிறவனா என்று கேட்க வாயெடுத்த முழுசு, தான் வந்த நேரத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டார். மனைவி விளிம்புவரை நிரப்பிய தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கணக்கு முழுசாக முடிந்ததா என்று மட்டும் கேட்டாள். முடிந்தது என்றதும் பாட்டொன்றை முணுமுணுத்தபடி உள்ளே போனாள்.

பையன் வந்தான். ஒல்லியான உடம்பு, வியர்வையில் நனைந்த சட்டை, சட்டைப்பையில் இரண்டு சாவிக்கொத்து. தாமதத்துக்கு மன்னிக்கச் சொல்லி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். முழுசு பேருந்தில் வரும்போதே கேள்விகளை வரிசையாக யோசித்து வைத்திருந்தார். முதல் கேள்வியிலேயே நேராக விஷயத்துக்கு வந்தார்.

“முழு நேர வேலைதானே?”

மகள் தரையைப் பார்த்தாள். பையன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

“இப்ப முழு நேரம்தாங்க. காலையில வந்தப்போ அரை நேரம். அப்புறம் கொஞ்ச நேரம் வேலையே இல்லை. மதியம் ரெண்டு ஊர்லயும் நான்தான் முழு ஆளுன்னாங்க. சாயங்காலம்தான் ஒரே ஆளா ஆக்கினாங்க.”

முழுசு கோப்பையைக் கீழே வைத்தார். பாதித் தேநீர் மிச்சம் இருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

“ஆத்தங்கரையா?”

“ஆமாங்க.”

“நாப்பத்தாறரை?”

“இப்ப நாப்பத்தேழுங்க.”

முழுசு எழுந்துபோய்ப் பையனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பையனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் விழித்தாள். சிவப்புக் கட்டத்தில் ஆரம்பித்துப் பாலத்தின் நடுப்பகுதிவரை நடந்ததை முழுசு நின்றுகொண்டே சொல்லி முடித்தார். சொல்லச் சொல்ல மகள் முகத்தில் சிரிப்பு பரவியது. அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று முழுசுக்கு உறைத்தது. அவருக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை.

முழு நேர வேலை இருக்கிறதோ இல்லையோ, இந்தப் பையனைத் தான் விடுவதாக இல்லை என்று சொன்னார். ஊர் ஊராகத் தங்களை ஒன்றரை ஆளாக எழுதிக்கொள்கிறவர்கள் நடுவில், யாரும் கேட்காமலே தன்னை அரை என்று எழுதுகிற நேர்மை எத்தனை பேருக்கு வரும்? அந்தப் புள்ளி ஐந்துக்காகவே பெண்ணைக் கொடுக்கலாம் என்றார்.

பையன் நெளிந்தான். சமையலறை வாசலில் வந்து நின்ற முழுசின் மனைவி, வேண்டாம் என்று தலையை ஆட்டி, உதட்டில் விரலை வைத்தாள். பையன் அவளையும் பார்த்தான், முழுசையும் பார்த்தான். தனக்குச் சேராத பாராட்டை வாங்கிக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை.

“அரைன்னு எழுதச் சொன்னது அத்தைதான் மாமா. ‘நீ ஒண்ணும் பண்ண வேண்டாம் தம்பி, அரையா இருக்கிறத அவர் கண்ணுல மட்டும் காட்டிடு, முழுசாக்காம வீட்டுக்கு வரமாட்டாரு’ன்னாங்க.”